காலுக்குக் கடினம், இரும்புக்கு மென்மை: வீட்டில் பாரம் தூக்க முதல் தரையைப் பாருங்கோ

2020 மார்ச் 20ஆம் திகதி பிரிட்டனில் ஜிம்களை மூடச் சொன்னார்கள். அதோடு எங்கட வீடுகளுக்குள் இரும்பு வரத் தொடங்கியது. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் எத்தனையோ கராஜ்களில், அரிசி மூட்டைக்கும் பிள்ளைகளின் பழைய சைக்கிளுக்கும் நடுவில், இப்போது ஒரு பார்பெல் கிடக்கிறது. ஜிம்கள் திரும்பத் திறந்தும் பலர் போகவில்லை. வேலை, பிள்ளையளின் டியூஷன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் முடிய, இரவு ஒன்பது மணிக்கு அரை மணித்தியாலம் கிடைத்தால் அதை வீட்டிலேயே செய்து முடிப்பதுதான் சுகம்.

நல்ல விசயம்தான். ஆனால் எந்த டம்பெல், எத்தனை கிலோ, எந்த யூடியூப் பயிற்சி என்று ஒரு மாதம் ஆராய்கிற நாங்கள், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிசமும் யோசிப்பதில்லை. பிள்ளை தவழ்ந்த காலத்தில் வாங்கிய வண்ணப் பஞ்சு விரிப்பும், ஓடப் போகும்போது போடுகிற சப்பாத்தும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். பாரம் தூக்க அந்த இரண்டுமே பொருத்தம் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஏன் மெனக்கெட வேண்டும்?

இது அழகுக்காகச் செய்கிற வேலை மட்டும் இல்லை. பிரிட்டனில் வாழும் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து, வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். எங்கட குடும்பங்களில் இதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டு ஃபிரிட்ஜிலும் இன்சுலின் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வீட்டு மேசையிலும் மெட்ஃபோர்மின் இருக்கும். தசை சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும் இடம். அதனால் தசையைப் பேணுவது எங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் வளர்ந்தவர்களுக்கு இரண்டு விசயம் சொல்கிறது: வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவு, அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. நடையை நாங்கள் எப்படியாவது சேர்த்துக்கொள்வோம். விட்டுவிடுவது இரண்டாவதைத்தான்.

வீட்டில் செய்தால் அது தொடர்ந்து நடக்கும். தொடர்ந்து நடக்க வேண்டுமென்றால் கணுக்கால் புரளக்கூடாது, தரை உடையக்கூடாது, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டக்கூடாது. இந்த மூன்றையும் தீர்மானிப்பது தரையும் சப்பாத்தும்.

ஒரே ஒரு விதி

எல்லாவற்றையும் ஒரு வரியில் சொல்லலாம்: கால் நிற்கும் இடம் கடினமாக இருக்க வேண்டும், இரும்பு விழும் இடம் மென்மையாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பஞ்சு விரிப்பில் நின்றுகொண்டு டம்பெல்லை ஓரத்தில், வெறும் தரையில் வைக்கிறோம்.

முதல் பாதியைப் பாருங்கள். 80 கிலோ ஆள் 60 கிலோ பாரத்தோடு நின்றால், இரண்டு பாதங்களின் வழியே 140 கிலோ இறங்குகிறது. கீழே பஞ்சு இருந்தால் அது ஒரே மாதிரி அமுங்காது. பெருவிரல் பக்கம் கொஞ்சம், குதிப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி அமுங்கும். கணுக்கால் ஒவ்வொரு கணமும் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். முழங்கால் உள்ளே சாயும். மெத்தையில் நின்று சாமான் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாவது பாதி கணக்கு. 20 கிலோ டம்பெல் ஒன்று முழங்கால் உயரத்தில், அதாவது 50 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது என்று வையுங்கள். அது கொண்டுவரும் ஆற்றல் ஏறத்தாழ 98 ஜூல். டைல் தரையில் விழுந்து 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றால், அந்தக் கணத்தில் தரை தாங்கும் சராசரி விசை கிட்டத்தட்ட 5 தொன் எடைக்குச் சமம். அதே டம்பெல் அமுங்கிக் கொடுக்கும் ஒன்றில் விழுந்து 20 மி.மீ. தூரத்தில் நின்றால், அது அரைத் தொன். பாரம் மாறவில்லை, உயரம் மாறவில்லை. நிற்க எடுத்த தூரம் பத்து மடங்கானது, அடி பத்தில் ஒன்றானது.

இளவட்டக்கல்லிலிருந்து எக்செல் மண்டபம் வரை

இந்த அறிவு எங்களுக்குப் புதிது இல்லை. தென் தமிழ்நாட்டு ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவார்கள். உருண்டைக் கல்லைக் குனிந்து அணைத்து, மடிக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடுவது. பொங்கல் சமயத்தில் சில ஊர்களில் இன்றும் போட்டியாக நடக்கிறது. அதற்கு விரிப்பும் இல்லை, சப்பாத்தும் இல்லை. இறுகிய மண்ணில் வெறுங்கால். கால் புதையாத அளவுக்கு மண் கடினம், கல் விழுந்தால் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மண் மென்மை. இரண்டு வேலையையும் ஒரே மண் செய்தது.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ கொமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018இல் கோல்ட்கோஸ்டில் 317 கிலோ தூக்கித் திரும்பவும் தங்கம். அவர் நின்ற மேடை 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள சதுரம், அமுங்காத தளம். காலில் குதி உயர்ந்த, அடி கல்லுப்போல இருக்கும் சப்பாத்து. கீழே விழுவதற்கோ ரப்பர் பூசிய, 45 செ.மீ. விட்டமுள்ள பம்பர் பிளேட். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பாரம் தூக்கும் போட்டி நடந்தது ஈஸ்ட்ஹாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற எக்செல் மண்டபத்தில். அங்கேயும் இதே ஏற்பாடுதான். ஊர் மண் செய்த வேலையை இங்கே மரமும் ரப்பரும் பங்கு பிரித்துக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் அதன் சின்னப் பிரதிதான்.

உங்கட வீட்டுத் தரை எது?

லண்டன் வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, கராஜ் அல்லது பின்வளவில் கட்டிய அறையின் கொங்கிரீட் தளம். இதுதான் ஆகச் சிறந்தது. ஒரே பிரச்சினை ஈரம். பழைய கராஜ்களில் தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புப் படலம் இல்லாமல் இருக்கலாம். நேரே ரப்பரை விரித்தால் அடியில் ஈரம் தங்கும், இரும்பு துருப்பிடிக்கும். முதலில் தடித்த பொலித்தீன் ஈரத்தடுப்புத் தாளை விரியுங்கள்.

இரண்டாவது, விக்டோரியன் வீடுகளிலும் 1930களின் அரை இணை வீடுகளிலும் இருக்கிற மரத் தரை. அடியில் மர உத்தரங்கள், மேலே பலகை. பயப்படத் தேவையில்லை, கணக்குப் பாருங்கள். இந்த நாட்டில் வீட்டுத் தரையை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ, தாங்க வேண்டும் என்று எடுப்பார்கள். ஆள் 80, பாரம் 100, தாங்கி 50, பலகை மேடை 90 என்று வைத்தால் 320 கிலோ. அதை 3 சதுர மீட்டர் பலகையில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 107 கிலோ. அசையாமல் நிற்கும் பாரம் ஒரு நல்ல தரைக்கு அதிகம் இல்லை. ஆபத்து இரண்டு: பாரம் ஒரே புள்ளியில் குவிவதும், மேலிருந்து விழுவதும். அதனால் பலகை போட்டுப் பரப்புங்கள், அறையின் நடுவை விட்டுச் சுவரோரமாக வையுங்கள், மேடையின் நீளப் பக்கம் உத்தரங்களுக்குக் குறுக்கே வரட்டும். உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய, தரைப்பலகையைப் பாருங்கள். பலகைக்குக் குறுக்கேதான் உத்தரம் ஓடும். தரை நடக்கும்போதே ஆடினாலோ, ஈரம், பூச்சி அரிப்பு இருந்தாலோ, ஒரு கட்டட எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் அங்கே தூக்க வேண்டாம்.

மூன்றாவது, லாமினேட். இது ஒட்டப்படாமல் மெல்லிய பஞ்சு மேல் மிதக்கிறது. ஒரு மூலையில் பாரம் ஏறினால் பூட்டு உடைந்து இடைவெளி விடும். காலுறையோடு நின்றால் வழுக்கும். இதன் மேலும் கார்பெட்டின் மேலும் நேரே நிற்காமல், பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். தரைக்கடியில் சூடாக்கி இருந்தால், மேலே தடித்த ரப்பர் சூட்டை மேலெழ விடாது. தரை போட்ட கம்பெனியின் அறிவுறுத்தலைப் பார்த்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

நான்காவது, வைனில். கறுப்பு ரப்பர் வைனிலில் நாட்போக்கில் மஞ்சள் கறை விடும், அது கழுவிப் போகாது. இடையில் பலகை கட்டாயம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது டெபொசிட் பிரச்சினை.

எதை விரிப்பது?

கொழுவிப் பூட்டுகிற வண்ணப் பஞ்சு விரிப்பு யோகாவுக்கும் வயிற்றுப் பயிற்சிக்கும் நல்லது. பாரத்தோடு நிற்க வேண்டாம். அடர்ந்த ரப்பர் விரிப்புத்தான் இதற்குரியது. ஜிம் கடைகளில் விற்பதைவிட மலிவாக வேண்டுமென்றால், குதிரை லாயத்துக்கு விற்கிற ரப்பர் விரிப்பைத் தேடுங்கள். குதிரையின் எடையையும் லாடத்தையும் தாங்கச் செய்தது. 6 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. தடிப்பு என்றால் ஒன்று 40 கிலோவுக்கு மேல் வரும். தூக்கி உள்ளே கொண்டுவர ஒரு மச்சான் வேண்டும். புதிதில் ரப்பர் மணம் கடுமையாக இருக்கும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவிச் சில நாள் வெளியே காயவிட்டு உள்ளே எடுங்கள்.

பார்பெல் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன மேடை செய்துகொள்ளலாம். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. போட்டித் தர பார்பெல்லில், ஆண்களுடையதோ பெண்களுடையதோ, இரண்டு பக்கத் தட்டுகளுக்கும் இடையில் 1.31 மீட்டர். பிளைவுட் தாள் ஒன்று 2.44க்கு 1.22 மீட்டர். அடியில் 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுத் தாள். அதன் மேல் நடுவில் 1.22 மீட்டர் சதுரப் பிளைவுட், அதுதான் நீங்கள் நிற்கும் இடம். மீதியாக இருபக்கமும் 61 செ.மீ. வருகிறது. லாய விரிப்பை 2 அடியாக மூன்று துண்டு வெட்டினால், இரண்டு துண்டு அந்த இடங்களுக்குச் சரி. மூன்றாவது துண்டு டம்பெல் வைக்க. பலகையும் ரப்பரும் இரண்டும் 18 மி.மீ. என்பதால் கால் தடக்காது. தட்டுகள் விழுவது ரப்பரில், நீங்கள் நிற்பது மரத்தில். மேல் பலகையை ஆணி வெளியே தெரியாமல் திருகாணியால் இறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரிய பார்பெல் 2.2 மீட்டர் நீளம். ஒற்றைக் கராஜில் அதைக் குறுக்கே வைத்தால் தட்டு போட இடம் இருக்காது. கராஜின் நீளவாக்கில் வையுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்

பிளாட்டில் இருப்பவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ரப்பர் 'டங்' என்ற சத்தத்தைக் குறைக்கும், 'தொம்' என்ற அதிர்வை முழுதாக நிறுத்தாது. அது கட்டடத்தின் வழியே ஓடும். 2003இலிருந்து இங்கிலாந்தில் புதிய பிளாட்களின் தரைகளுக்குத் தாக்கொலிச் சோதனை இருக்கிறது, வரம்பு 62 டெசிபல். ஆனால் அந்தச் சோதனைக் கருவி அரைக் கிலோ சுத்தியல் ஐந்தை 4 செ.மீ. உயரத்திலிருந்து தட்டுகிறது. உங்கட 24 கிலோ டம்பெல்லுக்காக யாரும் சோதிக்கவில்லை. அதற்கு முன் பிரித்துக் கட்டிய பழைய வீடுகளில் நடுவில் பலகையும் சீலிங்கும் மட்டுமே இருக்கக்கூடும்.

ஆகவே மாடியில் எதையும் போடவே வேண்டாம். மெதுவாக இறக்குங்கள். இறக்குவதும் பயிற்சிதான், தசை அதிலும் வளரும். டெட்லிஃப்டுக்குத் தடித்த மெத்தைத் துண்டு இரண்டைத் தட்டுகளுக்குக் கீழே மட்டும் வையுங்கள். எடை மாற்றும் டம்பெல்களைப் போட்டால் சத்தம் மட்டுமில்லை, அதன் பூட்டும் உடையும். லீஸ் பத்திரத்தை ஒருமுறை வாசியுங்கள். தரை விரிப்புப் பற்றி நிபந்தனை இருக்கலாம். சத்தச் சட்டத்தில் இரவு என்பது 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை. கவுன்சிலுக்கு முறைப்பாடு போகும்வரை காத்திராமல், கீழே போய், எந்த நேரம் தூக்குகிறேன், சத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள். ஒரு தட்டு வடையோடு போனால் இன்னும் நல்லது.

வாசலில் கழற்றுகிற சப்பாத்து

வெளிச் சப்பாத்து வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். அதனால் வீட்டில் தூக்குபவர்கள் பெரும்பாலும் வெறுங்காலில் அல்லது காலுறையில்தான் நிற்கிறார்கள். வெறுங்கால் கெட்டதில்லை. பாதம் விரிந்து தரையைப் பிடிக்கும், டெட்லிஃப்டுக்கு நல்லது. காலுறை மட்டும் வேண்டாம், வழுக்கும். ஆனால் தட்டு ஒன்று நழுவினால் விரலைக் காக்க வெறுங்காலில் எதுவும் இல்லை.

தீர்வு எளிது. தெருவை ஒருநாளும் மிதிக்காத ஒரு சோடி. அதை வாசல் ராக்கையில் வைக்காமல் மேடைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அம்மம்மாவும் ஏற்றுக்கொள்வா.

எந்தச் சோடி? ஓட்டச் சப்பாத்து மட்டும் வேண்டாம். அதன் பஞ்சு, ஓடும்போது தரையின் அடியை வாங்கச் செய்தது. பாரத்தோடு நிற்கும்போது அது காலுக்குக் கீழே ஒரு மெத்தை. சோதித்துப் பார்க்க, குதிப்பகுதியைப் பெருவிரலால் அமுக்குங்கள். உள்ளே போனால் அது தூக்குவதற்கில்லை. பிள்ளையளின் பள்ளிக்கூட பீ.ஈ. வகுப்புக்கு வாங்குகிற பிளிம்சோல் தெரியும்தானே, அதே மாதிரி பெரியவர் அளவில், மெல்லிய தட்டை ரப்பர் அடியோடு சில பவுணுக்குக் கிடைக்கும். தொடக்கத்துக்கு அது தாராளம். 1917இல் கூடைப்பந்துக்கென்று வந்த கொன்வேர்ஸை இன்றும் பலர் ஜிம்மில் போடுவது இதே காரணத்துக்குத்தான்: அடி தட்டை, அமுங்காது.

குதி உயர்ந்த பாரம் தூக்கும் சப்பாத்து எல்லோருக்கும் தேவையில்லை. அதன் குதி ஏறத்தாழ 20 மி.மீ. உயர்ந்திருக்கும். ஸ்குவாட்டில் கணுக்கால் குறைவாக மடங்கினாலும் முழங்கால் முன்னே போகவும், முதுகு நிமிர்ந்திருக்கவும் அது உதவும். அம்மம்மா காலத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவினார்கள், கணுக்கால் தானாக மடங்கியது. நாங்கள் கதிரையில் வளர்ந்தோம். சுவரைப் பார்த்து நின்று, கால்விரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்க, குதியைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். முடிந்தால் தட்டைச் சப்பாத்தே போதும். முடியாமல், ஸ்குவாட்டும் ஒழுங்காகச் செய்கிறீர்களென்றால், குதிச் சப்பாத்துக்குக் காசு செலவழிக்கலாம். டெட்லிஃப்டுக்கு அதைக் கழற்றிவிடுங்கள். குதி உயர்ந்தால் தரையிலிருந்து தூக்கும் தூரமும் கூடும், உடலும் முன்னுக்குத் தள்ளப்படும்.

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலில் வேண்டாம்

வெறுங்கால் நல்லது என்று மேலே சொன்னது ஒருவருக்குப் பொருந்தாது: நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர். எங்கட அப்பா அம்மாவில் பலர் இதில் வருவார்கள், நாற்பதைத் தாண்டிய எங்களிலும் சிலர். விரலில் அடிபட்டது தெரியாது, புண் ஆறாது, சின்னக் காயம் பெரிதாகும். அவர்களுக்கு விரலை மூடிய, தட்டையான, வழுக்காத சப்பாத்து, உள்ளே தையல் உறுத்தாத காலுறை. போட முதல் உள்ளே கையை விட்டு, கல், மடிந்த துணி ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்த பிறகு பாதத்தைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு என்.எச்.எஸ். வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்கிறது. பயிற்சி தொடங்க முதல் அதை முடித்து, பாரம் தூக்கப் போகிறேன் என்று நர்ஸிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கு மேடை ஒன்றும் வேண்டாம். சுவரோடு ஒட்டிய உறுதியான கதிரை, அமுங்காத தரை, கையில் இரண்டு சின்ன டம்பெல், எழும்பி இருந்து எழும்பினால் போதும். நழுவும் பாயை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பிள்ளையள் வருவினம்

நாங்கள் தூக்கினால் பிள்ளைகளும் வருவார்கள். வரட்டும். ஐந்து முதல் பதினெட்டு வயது வரை தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் அசைவு வேண்டும் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. ஆனால் தட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், சின்னக் கை இழுத்தால் உருண்டு காலில் விழும். டம்பெல் தரை மட்டத் தட்டில் இருக்கட்டும், மேலே வேண்டாம். ரப்பரின் ஓரம் சுருண்டு எழும்பினால் ஒட்டிவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது கராஜ் பூட்டியிருக்கட்டும்.

காசு குறைவாக இருந்தால் வாங்கும் ஒழுங்கு இது: முதலில் ஒரு பிளைவுட் துண்டும் ரப்பர் விரிப்பும், அடுத்தது தட்டை அடிச் சப்பாத்து, அதற்குப் பிறகு இரும்பு. கடைக்காரர் இதைத் தலைகீழாகத்தான் விற்பார். கால் நின்ற இடத்தில் உறுதியாக நின்றால், பாரத்தை மாதாமாதம் கூட்டிக்கொள்ளலாம்.